பள்ளி நூலகரும் தலைமைப் பண்பும்: எல்லையோரப் பகுதிகளின் அனுபவம்

(பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரப் பகுதித் தோழர்களுக்கான கல்வி வகுப்பில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி நூலகரின் தலைமைப் பண்பு என்பது கட்சியின் கல்வி வகுப்பில் பேசவேண்டிய பொருள்தானா என்ற கேள்வி சிலருக்கு எழக்கூடும். நூலகம் என்றால் அலமாரி, பதிவேடு, சாவிக்கொத்து என்றும், நூலகர் என்றால் அவற்றின் காவலர் என்றும் நினைத்துப் பழகிய காரணத்தால் எழும் கேள்வி இது. கேரளத்தின் வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது. இந்த மாநிலத்தில் வாசகசாலை தோன்றிய இடத்தில்தான் விவசாயிகளின் சங்கமும், ஆசிரியர்களின் இயக்கமும், தேசிய விடுதலைப் போராட்டத்தின் முற்போக்குப் பிரிவும் வேர்கொண்டன. ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்ட திண்ணைகளிலிருந்து ஒரு தலைமுறையே அரசியலுக்கு வந்தது. அந்தத் திண்ணைகளில் படித்துக் காட்டியவர்கள் யாரும் தலைமைப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் தலைவர்களாக இருந்தனர்.

இன்று தலைமைப் பண்பு என்ற சொல் தனியார் பயிற்சி நிறுவனங்களின் கைச்சரக்காகிவிட்டது. தன்னம்பிக்கை, தோற்றம், பேச்சுத்திறன் ஆகியவற்றைத் தனிமனிதருக்கு விற்கும் சந்தை அது. பள்ளி நூலகருக்குத் தேவையான தலைமை இதற்கு நேர்மாறானது. மலையோரத்து லயத்திலிருந்து வரும் ஒரு சிறுமியின் கையில் அவளுக்குரிய நூலைச் சேர்ப்பதற்கு எத்தனை பேரை, எத்தனை அமைப்புகளை ஒன்றுசேர்க்க முடியும் என்பதே அதன் அளவுகோல்.

இரண்டு வழிகளில் வந்த இயக்கம்

எல்லையோரத்தின் இரு பகுதிகளும் நூலக இயக்கத்திற்கு இரு வேறு வழிகளில் வந்தவை. 1956-இல் கேரள மாநிலம் உருவாகும் வரை பாலக்காட்டின் பெரும்பகுதி, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் முன்னின்று உழைத்ததன் விளைவாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. உள்ளாட்சி வரியோடு நூலகத்திற்கென ஒரு மேல்வரி வசூலிக்கப்பட்டு, மக்களின் பணத்தில் மக்களுக்கான நூலகம் என்ற கோட்பாடு சட்டமானது. மலபாரும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது.

இடுக்கியின் மலைப்பகுதிகள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. அங்கே இயக்கம் கீழிருந்து வளர்ந்தது. பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர் 1926-இல் நீலம்பேரூரில் ஒரு சிறு நூலகத்தைத் தொடங்கினார். 1945-இல் 47 நூலகங்களின் பிரதிநிதிகள் அம்பலப்புழையில் கூடினர். அங்கே பிறந்த அமைப்பே பின்னர் கேரள கிரந்தசாலா சங்கமாக வளர்ந்தது. 1975-இல் அந்தச் சங்கத்திற்கு யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது கிடைத்தது. பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19, ஆண்டுதோறும் வாசிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1989-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரு வழிகளையும் ஒன்றாக்கியது. வட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் நூலகங்களே தேர்ந்தெடுக்கும் கவுன்சில்கள் அமைந்தன. இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் மாநில நூலகக் கவுன்சிலின் இணைப்பில் உள்ளன.

விருதின் பெயரும் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டியது. நதேழ்தா குரூப்ஸ்கயா, லெனினின் வாழ்க்கைத் துணைவர் மட்டுமல்லர். புரட்சிக்குப் பின் சோவியத் நாட்டின் நூலக அமைப்பைக் கட்டியெழுப்பிய கல்வியாளரும் ஆவார். லெனினே 1913-இல் நியூயார்க் பொது நூலகத்தின் ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். அரிய ஏடுகள் எத்தனை இருக்கின்றன என்பதில் பெருமை கொள்ளாமல், எத்தனை நூல்கள் மக்களிடையே சுற்றுகின்றன, எத்தனை புதிய வாசகர்கள் வந்தார்கள், கேட்ட நூல் எவ்வளவு விரைவில் கிடைத்தது, எத்தனை குழந்தைகள் வாசிப்பிற்குள் ஈர்க்கப்பட்டார்கள் என்பவற்றில் அந்த நூலகம் பெருமை கொள்வதை அவர் எடுத்துக்காட்டினார். முதலாளித்துவ நாடொன்றின் நூலகத்திலிருந்தும் கற்றுக்கொள்ளத் தயங்காத அந்தப் பார்வை இன்றைய பள்ளி நூலகத்திற்கும் பொருந்தும்.

சட்டத்தில் நூலகம் உண்டு, நூலகர் இல்லை

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகம் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் அங்கே இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் அதே அட்டவணை நூலகர் என்ற பணியிடத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அறை உண்டு, நூல் உண்டு, அவற்றைக் குழந்தையோடு இணைக்கும் மனிதருக்கு மட்டும் இடமில்லை. இந்தியா முழுவதும் பள்ளி நூலகங்களின் தோல்வி இந்த இடைவெளியிலிருந்தே தொடங்குகிறது.

கேரளமும் இதற்கு விலக்கன்று. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் முழுநேர நூலகர் இல்லை. மொழிப்பாட ஆசிரியர் ஒருவர் தமது வகுப்புகளுக்கு இடையே நூலகப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கிறார். ஓராசிரியர் விடுப்பில் சென்றால் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்வதற்காக முதலில் பலியாவது நூலக நேரம்தான். நாற்பத்தைந்தாயிரம் வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக மாற்றிக் காட்டிய மாநிலத்தில், பள்ளி நூலகர் பணியிடம் இன்னும் தீராத கோரிக்கையாகவே நிற்கிறது. ஆட்சியில் எவர் இருந்தாலும் இதை நேர்மையோடு எழுப்பும் கடமை இடதுசாரி இயக்கத்திற்கு உண்டு.

நிதியின் நிலையும் அறியத்தக்கது. சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக நிதி வழங்கப்பட வேண்டும். ஆனால் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகக் கேரளத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் உரிய சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தில்லியில் நிறுத்தப்படும் கோப்பின் விளைவு, மறையூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒரு குழந்தைக்குக் கிடைக்காமல் போகும் கதைப் புத்தகமாக வந்து முடிகிறது.

எல்லையோரக் குழந்தையின் மொழி

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி ஆகிய ஊர்களிலும், இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் தமிழ் பேசும் உழைப்பாளி மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களின் குழந்தைகளில் ஒரு பகுதியினர் தமிழ்வழிப் பள்ளிகளிலும், மற்றொரு பகுதியினர் மலையாளவழி, ஆங்கிலவழி வகுப்புகளிலும் படிக்கின்றனர். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் குழந்தைகளும், இடுக்கி மலைகளில் முதுவான் குழந்தைகளும் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் இன்னொரு மொழியுமாக வளர்கின்றனர்.

தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. கேரள அரசு தமிழிலும் பாடநூல்களை வெளியிடுகிறது. ஆனால் பாடநூல் மட்டும் ஒரு மொழியை உயிரோடு வைத்திருக்காது. பாடநூலுக்கு வெளியே அதே மொழியில் கதையும் அறிவியலும் விளையாட்டும் வரலாறும் கிடைக்காவிட்டால், அந்த மொழி தேர்வுக்கு மட்டும் உரிய மொழியாகச் சுருங்கிவிடும். மொத்தமாக வாங்கப்பட்டு மாநிலம் முழுவதற்கும் பிரித்தனுப்பப்படும் நூல்களில் தமிழ் நூல்கள் தாமாக வந்து சேர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எத்தனை தமிழ் வாசகர்கள் உள்ளனர், என்னென்ன நூல்கள் தேவை என்று பட்டியலிட்டுக் கேட்பவர் ஒருவர் பள்ளிக்குள் இருக்க வேண்டும். அந்த ஒருவரே நூலகர்.

மக்களின் மொழியில் சென்றால்தான் மக்களிடம் சேர முடியும் என்பதைத் தேவிகுளம் 1958-ஆம் ஆண்டிலேயே கற்பித்தது. அந்த இடைத்தேர்தலில் தோழர் ரோசம்மா புன்னூஸ் போட்டியிட்டபோது, பாவலர் வரதராசன் தமது தமிழ்ப் பாடல்களோடு தோட்டந்தோட்டமாகச் சென்றார். மேடைப்பேச்சு எட்டாத லயங்களை அந்தப் பாடல்கள் எட்டின. கட்சிக்கு வெற்றி கிடைத்தது. தேர்தலுக்குப் பொருந்திய அந்தப் பாடம் வாசிப்பு இயக்கத்திற்கும் பொருந்தும்.

இதன் பொருள் தமிழ்க் குழந்தை தமிழ் நூலோடு நின்றுவிட வேண்டும் என்பதன்று. தமிழில் வாசிப்புச் சுவை கண்ட குழந்தை மலையாளத்திற்கும் ஆங்கிலத்திற்கும் துணிவோடு செல்லும். எந்த மொழியிலும் சுவை காணாத குழந்தையே மூன்று மொழிகளிலும் தடுமாறும். மலையாளக் குழந்தை தமிழ்க் கதையையும், தமிழ்க் குழந்தை பஷீரையும் படிக்கும் ஒரே இடமாகப் பள்ளி நூலகம் அமையுமானால், எல்லையோரத்தில் மொழியின் பெயரால் பிரிவினை விதைப்போருக்கு அதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

இடமலைக்குடியும் வட்டவடையும்

2010-இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு உருவான இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவான் மக்கள் வாழும் அந்தக் குடிகளுக்குக் காட்டு வழியே பல மணி நேரம் நடந்து செல்ல வேண்டியிருந்த காலத்தில், இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி என்ற எழுபது வயது கடந்த தேநீர்க்கடைக்காரர் ஒரு நூலகம் நடத்திவந்தார். அங்கு பணியாற்றிய ஆசிரியர் பி.கே. முரளீதரனின் முயற்சி அதற்குத் துணை நின்றது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் அதைப் பற்றி எழுதி நாட்டுக்கு அறிவித்தார். 160 நூல்கள் சாக்குப் பைகளில் பாதுகாக்கப்பட்டன. உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய், மாதச் சந்தா 2 ரூபாய். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும், பஷீரும், தோப்பில் பாசியின் நாடகமும் அந்தப் பைகளுக்குள் இருந்தன. களைத்து வந்த வாசகருக்குக் கட்டஞ்சாயா இலவசம்.

2013-ஆம் ஆண்டில் 37 முறை நூல்கள் எடுத்துச் செல்லப்பட்டதாக அவருடைய பதிவேடு காட்டியது. 160 நூல்களில் 37 முறை! பல்லாயிரம் நூல்களைப் பூட்டி வைத்திருக்கும் பல பள்ளி நூலகங்கள் இந்த விகிதத்தின் முன் நிற்க முடியுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அறையும் இல்லை, அலமாரியும் இல்லை, பட்டமும் இல்லை. வாசகர் யார் என்று தெரிந்த ஒருவரும், யார் எடுத்தார் என்று எழுதிய ஒரு பதிவேடும் மட்டுமே இருந்தன.

இரண்டாவது அனுபவம் வட்டவடையைச் சேர்ந்தது. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் அந்த மலைக்கிராமத்தின் ஏழைக் குடும்பம் ஒன்றிலிருந்து எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரிக்குச் சென்று படித்தவர் தோழர் அபிமன்யு. இந்திய மாணவர் சங்கத்தின் முன்னணி ஊழியரான அவர் 2018 ஜூலை 2 அன்று வகுப்புவாத வெறியர்களால் கல்லூரி அருகே குத்திக் கொல்லப்பட்டார். தமது ஊரில் ஒரு நூலகம் அமைய வேண்டும் என்பது அவருடைய கனவாக இருந்தது. அந்தக் கனவை வட்டவடை ஊராட்சி ஏற்றது. கேரளம் முழுவதிலிருந்தும் மக்கள் நூல்களை அனுப்பினர். அபிமன்யு மகாராஜாஸ் நூலகம் எழுந்தது. தியாகிக்குச் சிலையாக இல்லாமல் நூலகமாக நினைவகம் அமைந்தது பெருமைக்குரியது. ஆனால் நினைவகமாக மட்டும் அது நின்றுவிடக் கூடாது. ஊர்ப் பள்ளியின் குழந்தை வாரந்தோறும் அந்த வாசலில் நுழைகிறதா என்ற கேள்விக்கான விடையில்தான் அந்தத் தியாகத்தின் தொடர்ச்சி உள்ளது.

தலைமையின் ஐந்து கூறுகள்

முதலாவது, வாசகரை அறிதல். சங்க ஊழியர் தமது பகுதியின் ஒவ்வொரு தொழிலாளியையும் அறிந்திருப்பது போல, நூலகர் ஒவ்வொரு குழந்தையின் மொழியையும் வீட்டுச் சூழலையும் அறிந்திருக்க வேண்டும். தாய் காலையிலேயே கொழுந்து பறிக்கச் சென்றுவிடும் வீட்டில், தம்பியைக் கவனித்துக்கொள்ளும் சிறுமிக்கு மாலையில் நூலகத்தில் தங்கிப் படிக்க இயலாது. அவளுக்கு நூல் வீட்டிற்குச் செல்ல வேண்டும். தம்பிக்கும் படித்துக் காட்டத்தக்க நூலாகவும் அது இருக்க வேண்டும்.

இரண்டாவது, அலமாரியைத் திறக்கும் துணிவு. பல பள்ளிகளில் நூல்கள் பூட்டிக் கிடப்பதற்குச் சோம்பல் காரணமன்று, அச்சமே காரணம். காணாமல்போன நூலுக்குத் தணிக்கையில் தாமே பணம் கட்ட வேண்டிவரும் என்று பொறுப்பாசிரியர் அஞ்சுகிறார். ஒன்றிய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளோ, வழங்கப்படும் அல்லது பார்வையிடப்படும் ஒவ்வொரு ஆயிரம் நூலுக்கும் ஆண்டுக்கு ஐந்து நூல் இழப்பை இயல்பானதாக ஏற்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. மாநில அரசுப் பள்ளிகளிலும் இத்தகைய தெளிவான பாதுகாப்பு ஆசிரியருக்கு வழங்கப்பட வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் கோர வேண்டும். கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல். புதுக்கருக்கு அழியாமல் இருபது ஆண்டு இருக்கும் நூலே உண்மையான இழப்பு.

மூன்றாவது, கூட்டு முடிவு. எந்த நூலை வாங்குவது என்பதைத் தலைமையாசிரியரும் விற்பனையாளரும் மட்டும் தீர்மானிக்கும் முறை மாற வேண்டும். மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோரைக் கொண்ட ஒரு தெரிவுக் குழு இருந்தால், தமிழ் நூல் எத்தனை, மலையாள நூல் எத்தனை, அறிவியல் எத்தனை என்பது வெளிப்படையாக விவாதிக்கப்படும். நூல் வழங்கும் பணியை வகுப்புக்கு இருவர் எனக் குழந்தைகளே சுழற்சி முறையில் செய்யலாம். பின்வரிசையில் அமரும் குழந்தைக்கும் அந்தப் பொறுப்பு வந்துசேர வேண்டும். தமது பணியைப் பிறர் செய்யக் கற்றுக்கொடுப்பவரே தலைவர்.

நான்காவது, சமத்துவத்தில் விழிப்பு. முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் சக்கிலியர் மக்கள் எதிர்கொண்ட சாதிப் பாகுபாடு 2017-இல் கேரளம் முழுவதும் பேசப்பட்டது. மறுமலர்ச்சியின் மண் என்ற பெருமையை உரசிப் பார்த்த நிகழ்வு அது. ஊரில் உள்ள பிளவு பள்ளியின் வாசலோடு நின்றுவிடுவதில்லை. நூலக மேசையில் யாருக்கு அருகில் யார் அமர்கிறார், யார் எப்போதும் பதிவேட்டில் இடம்பெறாமலே போகிறார் என்பதை நூலகர் கவனிக்க வேண்டும். மாதம் ஒருமுறை பதிவேட்டைப் பாலின வாரியாகவும், குடியிருப்பு வாரியாகவும், மொழி வாரியாகவும் எண்ணிப் பார்த்தால், சொற்பொழிவுகள் மறைக்கும் உண்மையை எண்கள் சொல்லிவிடும்.

ஐந்தாவது, உழைக்கும் மக்களின் வரலாற்றைச் சேகரித்தல். மயிலம்மாவின் தலைமையில் பிளாச்சிமடை மக்கள் 2002 முதல் கோகோ கோலா ஆலைக்கு எதிராக நடத்திய போராட்டம் உலகப் புகழ் பெற்றது. 2004-இல் ஆலை இயக்கம் நின்றது. 2015-இல் மூணாறின் தேயிலைத் தோட்டப் பெண்கள் போனசுக்காகவும் கூலிக்காகவும் வீதிக்கு வந்தனர். சங்கத் தலைமைகளின் மீதும் அவர்கள் எழுப்பிய கேள்விகள் மறக்கத்தக்கவை அல்ல. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாறின் இரயில் பாதையை அழித்ததும், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு எழுபது உயிர்களைக் கொண்டதும் இந்த மண்ணின் வரலாறு. இவற்றைப் பற்றிய செய்தி நறுக்குகள், படங்கள், முதியோர் சொல்லக் குழந்தைகள் எழுதிய குறிப்புகள், இருளர், முதுவான் பாட்டிமாரின் பாடல் பதிவுகள் ஆகியவை ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் ஒரு தட்டில் இடம்பெற வேண்டும். தன் பாட்டியின் பெயரை நூலகத்தில் காணும் குழந்தைக்கு, நூல் என்பது அந்நியர் உடைமையாகத் தோன்றாது.

தோழர்கள் செய்யவேண்டியவை

இந்தச் சுமை அனைத்தையும் ஏற்கெனவே வகுப்புச் சுமையில் இருக்கும் ஓர் ஆசிரியரின் தோளில் ஏற்றிவிட்டு, தலைமைப் பண்பு இல்லை என்று குறைகூறுவது நியாயமன்று. தலைமை வளர்வதற்கு உரிய நிலைமைகளை இயக்கம் உருவாக்க வேண்டும்.

மக்கள் திட்டத்தின் காலத்திலிருந்து கேரளத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் கிராம ஊராட்சியின் பொறுப்பிலும், உயர்நிலைப் பள்ளிகள் மாவட்ட ஊராட்சியின் பொறுப்பிலும் உள்ளன. எனவே பள்ளி நூலகத்திற்கான திட்டம் கிராம சபையிலும் பழங்குடிகளின் ஊர்க்கூட்டத்திலும் முன்வைக்கப்படலாம். தமிழ் நூல்களுக்கெனத் தனி ஒதுக்கீடு கோரும் தீர்மானம் அங்கிருந்து புறப்பட வேண்டும். ஊராட்சி உறுப்பினர்களாக உள்ள தோழர்களுக்கு இது முதல் கடமை.

ஊர் வாசகசாலையின் நிர்வாகக் குழுவில் உள்ள தோழர்கள், அருகிலுள்ள பள்ளியோடு முறையான இணைப்பை ஏற்படுத்த வேண்டும். பள்ளி விடுமுறையில் பூட்டப்படும் நூல்கள் வாசகசாலை வழியே குழந்தைகளை அடையலாம். பெண்களுக்கும் முதியோருக்கும் வீடு தேடி நூல் கொண்டுசெல்லும் நூலகக் கவுன்சிலின் பணியில் லயங்களும் குடிகளும் விடுபடாமல் சேர்க்கப்பட வேண்டும்.

தோட்டத் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் கல்வி வசதி செய்துதர விதிவகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்தது. போராடிப் பெற்ற அத்தகைய உரிமைகள் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் கரைந்துபோக அனுமதிக்கக் கூடாது. கூலி, வீடு, மருத்துவம் ஆகியவற்றோடு குழந்தையின் நூலகமும் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

ஆசிரியர், மாணவர், இளைஞர் அமைப்புகள் அனைத்தும் இணைந்து எழுப்பவேண்டிய கோரிக்கைகள் மூன்று. பள்ளிகளில் பயிற்சி பெற்ற முழுநேர நூலகர் பணியிடம் படிப்படியாக உருவாக்கப்பட வேண்டும். அதுவரை பொறுப்பாசிரியருக்கு வாரத்தில் உறுதியான நேர ஒதுக்கீடும் பயிற்சியும் வழங்கப்பட வேண்டும். மொழிச் சிறுபான்மையினரும் பழங்குடியினரும் பயிலும் பள்ளிகளில் அவர்களின் மொழி அறிந்தவருக்கே அந்தப் பொறுப்பு தரப்பட வேண்டும்.

1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அரிக்கேன் விளக்கோடு வீடு வீடாகச் சென்றதால் அது நிகழ்ந்தது. எழுத்தைக் கொடுத்த இயக்கம் நூலையும் கொடுக்க வேண்டும். வருகிற ஜூன் 19-க்குள் எல்லையோரத்தின் ஒவ்வொரு கிளையும் தனது பகுதியிலுள்ள ஒரு பள்ளி நூலகத்தை நேரில் சென்று காண வேண்டும். அலமாரி திறந்திருக்கிறதா, பதிவேட்டில் கடைசியாக எழுதப்பட்ட நாள் எது, தமிழ் நூல்கள் எத்தனை என்ற மூன்று கேள்விகளோடு அந்தப் பணி தொடங்கட்டும்.